ரோய்ஸ்டன் கீழே இறங்கிப் போன காலை

நேரலையில் பார்க்கிற ராக்கெட் வெடித்தாலும் ரோய்ஸ்டன் கைதட்டுவான். அவன் மனைவி ட்ரேசிக்கு அதுதான் புரியாது.

“வெடிச்சுப் போச்சு, அதுக்குமா கை தட்டுற?”

“டெஸ்ட் லா இது. எங்க பிசகுதுன்னு தெரிஞ்சிக்கத்தானே விடுறானுங்க. பாரு, அங்க அவனுங்களே தட்டுறானுங்க.”

“எல்லாருக்கும் பைத்தியம்,” என்பாள். ஆனாலும் மைலோவைக் கலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் ரோய்ஸ்டன். தோட்டம் கைமாறியபோது குடும்பம் செமோருக்கு வந்தது. இப்போது ஜெலாப்பாங்கில் ஒரு டயர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். நம் நாட்டு ஆள் ஒருவர் விண்வெளிக்குப் போன வருடம், கோப்பிக்கடை டிவியில் அதை வாய்பிளந்து பார்த்தவன், அதோடு ராக்கெட் மோகத்தில் விழுந்தவன்தான். அமெரிக்காவில் சாயங்காலம் விடுகிற ராக்கெட் இங்கே விடிகிற நேரத்தில் போகும். ஒன்றையும் விடமாட்டான். ராக்கெட்டைக் கீழே கட்டிவைத்து எஞ்சினை மட்டும் எரித்துப் பார்க்கிற சோதனையைக்கூட உட்கார்ந்து பார்ப்பான். அவனைப் போலவே இன்னொரு கிறுக்கு, கிடங்கில் வேலை செய்யும் தீபன். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் பேசுவது மற்றவர்களுக்கு மந்திரம் மாதிரி இருக்கும்.

போன வருட மழைக்காலத்தில் ட்ரேசிக்கு ஈறில் இரத்தம் கசிந்தது. நிற்கவேயில்லை. இரத்தப் புற்று என்றார்கள். ஈப்போவில் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. முதல் சுற்று முடிகிற வாரத்தில்தான் அவன் காத்திருந்த ஒரு பெரிய ராக்கெட்டின் சோதனை. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சிதறியது. அடுத்த நாளே டாக்டர் தினேஸ்வரி, மருந்து பிடிக்கவில்லை என்றார்.

அன்றைக்கு அவன் மனதில் ராக்கெட்டும் அவள் உடம்பும் முடிச்சுப் போட்டுக்கொண்டன. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். நல்ல நாளில் அவனிடம் யாராவது சொல்லியிருந்தால் அவனே சிரித்திருப்பான்.

இரண்டாவது சுற்று முடிந்து எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரவேண்டிய நாளும் அடுத்த ராக்கெட் கிளம்புகிற நாளும் ஒன்றாக வந்து நின்றன. விடியற்காலையில் ஆஸ்பத்திரி கேண்டீனில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிளம்புவதற்கான நொடி எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது. நேரலைக்குக் கீழே உலகம் முழுக்க ஆட்கள் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவனும் எழுதினான், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில்: ‘இன்றைக்கு விடாதீர்கள், தயவுசெய்து.’ கண் சிமிட்டுவதற்குள் அது மேலே ஓடி மறைந்தது.

எண்ணிக்கை நின்றது. ஏதோ வால்வு திறக்கவில்லையாம். நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

ரோய்ஸ்டன் எழுந்து நின்றுவிட்டான். வார்டில் ஊசி போடுகிற மிஸ்ஸிமார்களுக்கெல்லாம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனான்.

“என்னா இவ்ளோ சந்தோசம்?” என்றாள் ட்ரேசி.

“ராக்கெட் போகல.”

“போகலன்னா சந்தோசமா?” அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வேறு செய்தி வந்தது. பரிசோதனை முடிவு வரவில்லை, நாளைக்குத்தான். அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. இனி அவனிடம் யார் என்ன சொல்லி என்ன!

மறுநாள் அதே கேண்டீனில் அவன் பார்த்துக்கொண்டிருக்க, ராக்கெட் கிளம்பியது. அவ்வளவு அழகாக ஏறியது. கீழ்ப்பாகம் கழன்றது, மேல்பாகம் தன் எஞ்சினில் போய்க்கொண்டிருந்தது. அவன் சிலுவை போட்டுக்கொண்டான். அப்போது திரையின் ஓரத்தில் எஞ்சினைக் காட்டும் புள்ளிகளில் ஒன்று அணைந்தது. பிறகு இன்னொன்று. ராக்கெட் தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் வானத்தில் நெருப்புக் கீற்றுகள் நீளமாகப் பிரிந்து ஓடின. அங்கே கைதட்டினார்கள். நேரலையில் பேசிய பெண், இன்று நிறையக் கற்றுக்கொண்டோம் என்று சிரித்தாள்.

அவன் மாடி ஏறவில்லை. கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய்த் தன் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். போன் அடித்தது. ட்ரேசி. எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தது. சட்டைப் பைக்குள் அது துடித்து அடங்குகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறிய பிறகு மேலே போனான். ட்ரேசி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“டாக்டர் வந்துட்டுப் போய்ட்டாங்க,” என்றாள். “நீ வருவேன்னு கொஞ்சம் நிக்கச் சொன்னேன். அவங்களும் நின்னாங்க. எங்க போயிருந்த?”

“கீழ.”

“கீழ இருந்தா எடுக்க மாட்டியா?”

“அது விழுந்துருச்சு ட்ரேசி. போன தடவையும் விழுந்துச்சு, உனக்கும்...”

அவள் மெல்லத் திரும்பினாள். புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் பிடித்தது. “நான் இங்க இருக்கேன் ரோய்,” என்றாள். “இந்தக் கட்டில்ல. அந்த ராக்கெட்டுல இல்ல.”

அவன் கட்டில் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அவன் தலையைத் தடவ அவள் கையைத் தூக்கப் பார்த்தாள். ஊசி குத்தியிருந்த கை எட்டவில்லை.

“இந்த மருந்தும் பிடிக்கலையாம். புது மருந்து ஒன்னு இருக்காம்,” என்றாள். “இப்பத்தான் ஆளுங்களுக்குக் குடுத்துப் பாக்கிறாங்களாம். சரின்னுட்டேன்.”

“வேணாம். உன்ன வச்சு டெஸ்ட் பண்ணுவாங்களா?”

“அப்ப வேற வழி சொல்லு.”

சாயங்காலம் டாக்டர் தினேஸ்வரி அவனிடம் பொறுமையாகத்தான் பேசினார். பலன் நிச்சயமில்லை, ஆனால் இவங்களுக்கு எப்படிப் போகுதுங்கிறது பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும் என்றார்.

“பின்னால வர்றவங்களப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க டாக்டர்!” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினான். கத்திய பிறகுதான் அந்தப் பேச்சு எங்கே கேட்டது என்று உறைத்தது. கோப்பிக்கடையிலும் கிடங்கிலும் வருடக்கணக்காக அவன் பேசியதே அதுதான்.

புது மருந்து அவளைச் சில வாரங்கள் வீட்டில் வைத்திருந்தது. வாசல் வரைக்கும் நடந்தாள், புளிக்குழம்பு கேட்டாள். பிறகு காய்ச்சல் வந்தது, இறங்கவில்லை. தவக்காலத்தில் ஒரு பிற்பகல் போய்ச் சேர்ந்தாள். அந்த முறை அவன் கட்டிலைவிட்டு நகரவேயில்லை. கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். பிடித்திருந்தும் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து அவன் வேலைக்குப் போகாமல் கிடந்த நாட்களில் ஒரு காலை, தீபன் போன் செய்தான். பழக்கம்தானே, வாய் முந்திக்கொண்டது. “மச்சான், போய்ருச்சு! முழுசாப் போய்க் கடல்ல பூ மாதிரி இறங்கிருச்சு லா!”

ரோய்ஸ்டன் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தான்.

“மச்சான்? மன்னிச்சிரு. நான் யோசிக்காம...”

“ஏன்டா தீபன்,” என்றான் ரோய்ஸ்டன். “அவ போனப்புறம் இது எதுக்குடா போகணும்?”

“இரு, வாரேன்,” என்றான் தீபன். செமோர் வீட்டு வாசலில் அவன் மோட்டார் வந்து நிற்கிற சத்தம் கேட்டும் ரோய்ஸ்டன் எழவில்லை. கட்டிலில் தன் பாதியில் ஒடுங்கிக் கிடந்தான்; மற்ற பாதியில் காலைக்கூட நீட்டாமல்.