பொக்கே இலைக்குப் போய் பந்தியில் உட்கார்ந்தேன்

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியில் என் ரூமுக்குப் பின்தெருவில் இருக்கும் கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. கல்யாணம் யாருக்கு என்றுகூட எனக்குத் தெரியாது. நான் போனது அவர்கள் குப்பைக்கு.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன். இன்ஜினியரிங் முடித்து இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று ஆபீஸில் ஒரு பொக்கே கொடுத்தார்கள். கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், அவரவர் சீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் என்னிடம் யார் பேசினாலும் பாஸ்வேர்டு, டெட்லைன், அவ்வளவுதான். காலேஜ் பசங்க பெங்களூரு, ஹைதராபாத் என்று சிதறியாச்சு. குரூப்பில் மீம்ஸ் மட்டும் வரும். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் எங்கள் ஊர் நகரிக்கு, வீட்டுக்குப் போனால் சம்பளம், கல்யாணம் தவிர வேறு பேச்சில்லை. போவதையே குறைத்துவிட்டேன்.

அந்தப் பொக்கேயில் ரோஜா எல்லாம் கருகிய பிறகும், இலை ஓரத்தில் மஞ்சள் கோடு போட்ட ஒரு பச்சைத் தண்டு மட்டும் கெத்தாக நின்றது. தூக்கிப் போட மனசில்லாமல் பாட்டில் தண்ணீரில் வைத்தேன். சில வாரம் கழித்துப் பார்த்தால் அடியில் வெள்ளையாக வேர். ரூமில் நான் சத்தமாகப் பேசிய முதல் வார்த்தை அந்தச் செடியிடம்தான். போனில் படம் பிடித்துத் தேடியதில் டிராசீனா வகை என்று வந்தது.

அப்புறம் பைத்தியம் பிடித்துவிட்டது. பொக்கேக்குப் பின்னால் விசிறி மாதிரி சொருகுவார்களே, அந்த ஓலையும் பெரணியும் எத்தனை நாள் தண்ணீரில் நின்றாலும் வேர் விடாது. கணு உள்ள தண்டாக இருக்க வேண்டும். மேலே அடித்த ஜிகினாவைக் கழுவ வேண்டும். எல்லாம் அழுகவிட்டுக் கற்றுக்கொண்டது. சரி, எனக்கு அடிக்கடி பொக்கே கொடுக்க யார் இருக்கிறார்கள்? அதனால்தான் மண்டபம். முந்தின நாள் ரிசப்ஷனுக்கு வந்த பொக்கேக்களை எல்லாம் முகூர்த்தம் முடிந்ததும் சமையல்கட்டுக்குப் பின்னால் கொட்டிவிடுவார்கள்.

அன்று நல்ல குவியல். உட்கார்ந்து தண்டுகளை உருவிக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவும் அம்மா தெலுங்கில் ஏதோ கேட்டார். நானும் தெலுங்கில் பதில் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டே வந்த ஒரு பட்டுப்புடவை அக்கா பதறிவிட்டார். அவர் கல்யாணப் பெண்ணின் சித்தி என்று பிறகு தெரிந்தது. பெண் வீடு தமிழ், மாப்பிள்ளை வீடு சித்தூர் தெலுங்கு.

“மாப்ள வூட்டுக்காரங்களா? இன்னா தம்பி, குப்பையாண்ட குந்திக்கினு கீறீங்க? துன்னீங்களா?”

“இல்லக்கா, நான் வந்து...”

“துன்னலயா? ஏற்கெனவே காப்பி ஆறிப்போச்சுன்னு உங்க பெரியப்பா மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு கீறாரு. நீங்களும் பசியோட போனா நாளைக்கி எங்க பொண்ணதான் கேப்பாங்க. எந்திரிங்க மொதல்ல.”

உருவிய பொக்கே இலைக்கட்டோடு என்னைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். பக்கத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருவர், அதே பெரியப்பா. நான் அக்காவிடம் தமிழில் பேசியதை அவர் கவனித்திருக்கிறார்.

“பாபு, மீரு அம்மாயி தரபா?” பெண் வீட்டு ஆளா என்கிறார். வாயில் வடை. தலையை எப்படியோ ஆட்டினேன். அவர் தமிழுக்கு மாறினார்.

“ஒரே ஒரு காப்பி பாபு. அத சூடா குடுக்க முடியாதா உங்க வூட்டால?”

நான் பெண் வீட்டுக்காரனாகவே மன்னிப்புக் கேட்டேன். மனுஷன் ஆரம்பித்தார். காப்பி, கார் பார்க்கிங், மேளம், கடைசியில் அவர் முட்டிவலி வரைக்கும். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். நாடகம் இல்லை, ஒரு ஆள் என் பக்கம் திரும்பி இவ்வளவு நேரம் பேசி மாசக்கணக்காகியிருந்தது. பாயசம் வரும்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கை கழுவும் இடத்தில் அக்கா என்னைப் பிடித்தார். “எங்க யாராலயும் முடியல, இன்னா மாயம் பண்ணீங்க? மாப்ளைக்கி நீங்க இன்னா ஒறவு?”

அந்த முகத்தைப் பார்த்துப் புளுக வரவில்லை. “யாரும் இல்லக்கா. பொக்கே தண்டு எடுக்க வந்தேன். செடி வளக்கலாம்னு.”

அவர் என் இலைக்கட்டைப் பார்த்தார். ஆளைக் கூப்பிட்டு வெளியே தள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அதைவிட, அந்தப் பெரியப்பா பார்க்கத் தள்ளுவார்களே என்பதுதான் பெரிய கவலை.

“அப்ப பொண்ணு வூட்டு ஒறவா?”

“இல்ல. இந்த ஊர்லயே யாரும் இல்லக்கா.” அது ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அவர் திரும்பிப் பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மரியாதையெல்லாம் போய்விட்டது. “த பாரு. இப்பதான் அவரு சிரிச்சிக்கினு கீறாரு, கெடுத்துராத. பொண்ணு வண்டி ஏர்ற வரைக்கும் எங்காளுங்களுக்கு நீ மாப்ள வூடு. வாய மூடிக்கினு வந்து போட்டோவுக்கு நில்லு.”

நின்றேன். பெரியப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டார். மாலையில் பெண்ணை ஏற்றிக்கொண்டு வண்டிகள் சித்தூருக்குக் கிளம்பின. அக்கா அழுதுகொண்டிருந்தார், என் பக்கம் பார்க்கவில்லை. நம்பர் கேட்கவும் கூச்சம். மண்டபத்தில் நாற்காலி அடுக்க ஆரம்பித்தார்கள். நான் இலைக்கட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்கு வந்து கதவைத் திறந்தேன். எப்போதும் போல யாரும் இல்லை.

அந்த ஆல்பத்தைப் பார்த்து ‘இந்தப் பையன் யாரு’ என்று யாராவது கேட்டால், ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டைக் கைகாட்டும். எந்த வீடும் இல்லை என்பது அந்த அக்காவுக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் நடுவில் நிற்க இடம் கொடுத்தார் என்ற நினைப்பில்தான், யாரும் கூப்பிடாத சில ஞாயிற்றுக்கிழமைகளை நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.