வாய் சொன்னதும் மூட்டை சொன்னதும்

கனமூலைப் புடவை வியாபாரி ஹயாத்து முகம்மதுவுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. சோறு தின்னும்போதே ஒரு கால் வாசலில் நிற்கும். இந்த வருடம் முடிவதற்கு முன்பே அவருக்கு அடுத்த வருடம் தொடங்கிவிடும். பெண்கள் எந்த நிறத்துக்கு மயங்குவார்கள், சட்டைக் கை நீளுமா குறுகுமா, எந்தப் பக்கம் இருமல் பரவும், எல்லாம் சொல்வார். மையும் இல்லை, மந்திரமும் இல்லை. ஊர் ஊராகத் திரிகிறவர். கொழும்பில் இன்று உடுப்பதை எத்தாளையில் நாளை கேட்பார்கள் என்று கண்டுவைத்திருந்தார், அவ்வளவுதான்.

எத்தாளை அனஸ்தாசியா மூட்டையை இறக்கவும் விடமாட்டாள்.

“நானா, வாற வருசம் என்ன நிறம்?”

“கத்தரிப்பூ நிறம், புள்ள. கையும் முழங்கைக்கு மேல ஏறும்.”

ஏறத்தான் செய்தது. பங்குச் சுவாமி பூசையில் எவ்வளவு திட்டியும் இறங்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருடம் மழை பொய்த்தது. ரயிலில் போய்வந்த ஹயாத்து முகம்மது, ஓடாமல் குட்டை குட்டையாகக் கிடந்த ஆற்றைக் கண்டார். சிலாபத்தில் ஏறிய உள்நாட்டுச் சனம் பட்டப்பகலில் போர்த்திக்கொண்டு நடுங்குவதையும் கண்டார். கண்டதை வாய்க்குள் வைத்திருக்க அவருக்குத் தெரியாது. “வாற வருசம் காய்ச்சல் வருசம்” என்று வீடு வீடாகச் சொன்னார். நிறம் சொன்னபோது சிரித்த ஊர், இப்போது கரிநாக்கு என்றது.

அவர் தவிப்புக்குக் காரணம் மகள் ரம்ஸியா. வயிற்றில் தலைப்பிள்ளை, ஏழாம் மாதம். உச்சமுனையில் மனைவியின் தங்கை றஹ்மத் உம்மா இருந்தாள். களப்பு நீரைத் தாண்டிப் போகும் தீவு, உப்புக் காற்று ஓயாது, நுளம்பு முட்டையிடும் குட்டைத் தண்ணீர் இல்லை. மகளை அங்கே அனுப்பிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

சித்தி மரியம் என்ற அவர் மனைவி மறுத்துவிட்டாள். வயிற்றுப் பிள்ளையோடு களப்பைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

“வாயும் வயிறுமா இருக்கிற புள்ளைய தோணியில ஏத்துறதா? கிறிஸ்மஸும் நோன்புப் பெருநாளும் இந்த முறை ஒன்றாச் சேர்ந்து வருது, கலர்த் துணி எடுக்கணும் என்டு நீங்கதானே குதிக்கிறீங்க? உங்கட வாய் காய்ச்சல் என்குது, உங்கட மூட்டை பெருநாள் என்குது. நான் எதை நம்புற?”

அவருக்குச் சுருக்கென்றது. கொழும்புக்கு ரயில் ஏறினார்.

புடவை மூட்டையில், இறந்தவரைப் பொதியும் வெள்ளைக் கபன் துணி வைப்பது எங்களிடம் இல்லை. மௌத்து நடந்த பிறகுதான் ஆள் புத்தளத்துக்கு ஓடும். முன்கூட்டி வாங்கி வைத்தால் அந்தத் துணி ஆளைத் தேடும் என்பார்கள். ஹயாத்து முகம்மது மதுரங்குளியில் இறங்கி வீட்டுக்கு வந்து மூட்டையை அவிழ்த்தபோது, உள்ளே முழுவதும் வெள்ளை. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு முழம்கூட இல்லை.

சித்தி மரியம் அந்த வெள்ளையைத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்ப மெய்தான்” என்றாள். போய் மகளின் உடுப்புகளை எடுத்துக் கட்டினாள்.

மறுநாள் தோணியில் தாயே கூடப் போய் மகளை விட்டாள். அங்கேயே இருந்திருக்கலாம். “நீங்க ஒரு இடத்தில கிடக்கிற ஆளில்ல. காய்ச்சல் வந்தா உங்களுக்கு ஆரு கஞ்சி வைக்கிற?” என்று திரும்பி வந்துவிட்டாள். கரையில் இறங்கும்போது, காத்து நின்ற கணவரிடம், “ஒரு வருசமாச்சும் உங்கட கதை பொய்யாகட்டும்” என்றாள். “ஆமீன்” என்றார் அவர். அப்படி மனதார அவர் எதற்குமே ஆமீன் சொன்னதில்லை.

கதை பொய்யாகவில்லை. கிறிஸ்மஸுக்கு முன்பே காய்ச்சல் வந்தது. முதலில் அவரைத்தான் போட்டது. சித்தி மரியம் கஞ்சி வைத்துக் கொடுத்து எழுப்பினாள். பிறகு அவளே படுத்தாள். பெருநாள் பிறையை அவள் காணவில்லை.

வெள்ளையில் முதல் துண்டு அவர் வீட்டுக்குத்தான் வெட்டப்பட்டது. அவரே கத்தரி பிடித்தார். மீதியைக் கரிநாக்கு என்றவர்களே வந்து வாங்கிப் போனார்கள். துணி ஆளைத் தேடிக்கொண்டது என்று ஊர் சொன்னது. அதைக் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். துணி யாரைத் தேடியது? அந்தத் துணியைக் கண்டதால்தான் ஒரு தாய் மகளைத் தோணியில் ஏற்றினாள். உச்சமுனையில் ரம்ஸியா சுகமாகப் பெண் பிள்ளை பெற்றாள். உம்மாவின் பெயரையே வைத்தாள்.

அடுத்த வருடக் கடைசியில் ஹயாத்து முகம்மது மறுபடி எத்தாளைக்குப் போனார். மூட்டையில் எல்லா நிறமும் இருந்தன. அனஸ்தாசியா பழைய பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

“நானா, வாற வருசம் என்ன நிறம்?”

“தெரியா, புள்ள.”

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. அவர் கண் அவளைத் தாண்டி, கிணற்றடிக் குழியில் நுளம்பு மொய்க்கத் தேங்கிக் கிடந்த தண்ணீருக்குப் போனது.

“மண்வெட்டி இருந்தா ஒருக்காத் தா” என்றார். மூட்டையை அவிழ்க்காமலே வைத்துவிட்டு, போய் அந்தக் குழியை மூடத் தொடங்கினார்.