பால் வண்டிக்கு ஃபுல் கவர்

பைக் இன்சூரன்ஸ் தொழிலில் நாம் கொடுக்கும் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. படிக்கிற நாளில் வண்டி ஏற்கெனவே உடைந்திருக்கும். இதே பிழைப்பில் இருக்கும் நீங்களும் பட்டிருப்பீர்கள். எனக்குக் குரல் வேறு மெல்லியது. கேரள எல்லையில் இருக்கும் எங்கள் மீனாட்சிபுரத்தில் நான் பேச ஆரம்பிப்பதற்குள் எதிரில் இருப்பவர் முடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

நீட்டுவதற்கு ஒரு பேப்பர்

சாமியப்பண்ணன் காலையும் மாலையும் தன் மாட்டுப் பாலைக் கேனில் நிறைத்து, பைக்கில் கட்டி சொசைட்டிக்குக் கொண்டுபோகிறவர். வண்டி நின்றால் அன்றைய பால் கெட்டது. அவர் தேர்ட் பார்ட்டி போதும் என்றார். அது நீங்கள் இடித்த ஆளுக்குத்தான் கொடுக்கும், உங்கள் வண்டிக்கு ஒரு ஸ்க்ரூகூட வராது என்றேன்.

"தம்பி, செக்போஸ்ட்டுல கேட்டா நீட்டோணும். அதுக்கு எதுக்குங்க ஃபுல்லு?"

மல்லிகாக்கா கேட்டது

மறுநாள் அவர் மனைவி மல்லிகாக்கா அவரை இழுத்துக்கொண்டு வந்தார். திருடு போனால்? மரம் விழுந்தால்? ஃபுல் கவரில் வரும் என்றேன். பிளாஸ்டிக் உடைந்தால் பாதிதான் தருவார்கள், முழுசாக வேண்டுமானால் கொஞ்சம் கூடக் கட்டி ஜீரோ டெப் சேர்க்க வேண்டும் என்றேன். கடைசிவரை கேட்டார்! என் தொழிலில் அதுதான் முதல் தடவை. சாமியப்பண்ணன் மட்டும் வீண் செலவு என்று முனக, அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, வண்டி ஒடஞ்சா ரெண்டு கேனையும் தலையில வெச்சுட்டு நடப்பீங்களா?"

ஆபீசருக்கு மரியாதை

அன்றே ஜீரோ டெப்போடு ஃபுல் கவர் போட்டார்கள். ஆடிக் காற்றில் தென்னை முறிந்து அந்த வண்டி மேலேயே விழுந்தது. அண்ணன் போன் செய்தார். "எதையும் தொடாதீங்கண்ணா, நாளைக்கு சர்வேயர் வருவார்" என்றேன். காற்றின் இரைச்சலில் பின்பாதி மட்டும்தான் அவருக்கு எட்டியிருக்கிறது.

மறுநாள், சேதத்தைப் பார்த்து எழுதும் சர்வேயரோடு போனால், வண்டி குளித்து, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறது! ஹெட்லைட் இருந்த இடத்தில் ஓட்டை. மீட்டர் இல்லை. இண்டிகேட்டர் இல்லை. உடைந்ததையெல்லாம் கூட்டி அள்ளி எருக்குழியில் போட்டுவிட்டாராம். இல்லாத பார்ட்டை உடைந்தது என்று எப்படி எழுதுவது என்றார் சர்வேயர். சாமியப்பண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஆபீசர் வர்றப்ப வண்டியக் குப்பையா நிறுத்தினா நல்லாவாங்க இருக்கும்?"

குழிக்குள் நால்வர்

மல்லிகாக்கா சேலையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு குழியில் இறங்கிவிட்டார். பின்னாலேயே அண்ணன், அப்புறம் நான். ஒரு இண்டிகேட்டர்! அரை ஹெட்லைட்! துண்டு கிடைக்கக் கிடைக்கக் கூச்சல். வரப்பில் நின்ற பாலக்காட்டுச் சித்தூர்க்காரச் சர்வேயர், "அதோ மீட்டர்! அவிடெ, அவிடெ!" என்று மலையாளம் கலந்து எங்களைவிட உரக்கக் கத்திக்கொண்டே முழங்கால்வரை உள்ளே இறங்கிவிட்டார்.

பிறகு துண்டுகளை ஒவ்வொன்றாக வண்டியில் பொருத்திப் பார்த்துப் படம் பிடித்தார். எல்லாம் பொருந்தின. ஒன்றுவிடாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"வண்டியக் கழுவினது போதும் சேட்டா, இனி என் ஷூவக் கழுவக் கொஞ்சம் தண்ணி தாங்க."

சரியான பாலிசியைத் தேர்ந்தெடுக்க அரைமணி நேரம் போதும் நண்பர்களே, அதில் பணத்தை வாங்கித் தருவதற்குத்தான் சாணிக்குள் இறங்கத் தயங்காத ஒரு மல்லிகாக்கா வேண்டும்.