மண்ணுக்கடியில் தேடும் மெஷின்

மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயத்தை மூடிய காலையில் அங்கம்மாவின் புருசன் நல்லையா உள்ளே இருந்தார். தோண்டினார்கள். பிறகு, தேடல் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு எலும்பாவது கைக்கு வராமல் கருமாதி செய்ய மாட்டேன் என்று அங்கம்மா ஒற்றைக்காலில் நின்றாள். வருசங்கள் போயும் பொட்டை அழிக்கவில்லை, வளையலைக் கழற்றவில்லை. மிஞ்சியவர்களுக்குக் கட்டிக் கொடுத்த புதுக் குடியிருப்பில் அவளுக்கு ‘நித்திய சுமங்கலி’ என்று பட்டப்பெயர்.

மகள் விதுஷா கொழும்பில் பெரிய படிப்புப் படிக்கிறாள். வெளிநாட்டில் மண்ணுக்கடியில் இருக்கும் ஒரு மெஷினின் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் பார்ப்பது அவள் வேலை. யாரும் இதுவரை காணாத ஒன்றைத் தேடுகிறோம் என்று போனில் சொல்லியிருந்தாள். மண்ணுக்கடியில், தேடுறோம். அங்கம்மாவின் மனதில் நின்றது அவ்வளவுதான்.

கோயில் கமிட்டி ஜெயகுமாரிடம் போய், மகளின் மெஷின் வந்து புருசனைத் தேடும் என்று சொன்னாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மெஷின் வருவதென்றால் வழி காடாகக் கிடந்தால் எப்படி ஏறும் என்று கேட்டான். மறுநாளே அவள் கத்தியோடு சரிவுக்குப் போய், கை கிழியக் கிழிய மானாப்புல்லை வெட்டினாள். வேடிக்கை பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி, அகலமா வெட்டு, லொறி வரணுமே என்றாள், மற்றவர்கள் சிரித்தார்கள். அங்கம்மா தலையாட்டிவிட்டு அகலமாக வெட்டினாள். மேலே இருக்கிறவனுக்கும் அந்தச் சிரிப்புக் கேட்டிருக்கும்.

லீவில் வந்த விதுஷா, அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்துத்தான் விசயத்தைத் தெரிந்துகொண்டாள். உட்கார வைத்து விளக்கினாள். பதுளைக்கும் பண்டாரவளைக்கும் உள்ள தூரத்துக்கு வளைந்து கிடக்கும் சுரங்கம் அது. தூக்கி வருகிற சாமான் இல்லை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களை மோதவிடுவார்கள். கரண்டில் ஓடுகிற எலக்ட்ரானுக்குக் கனத்த அண்ணன்கள் இரண்டு பேர் உண்டு. அவர்களையும்விடக் கனமாக இன்னொருவன் அந்த மோதலில் பிறக்கிறானா என்று பார்க்கிறார்கள். பிறந்தாலும் அப்போதே சிதைந்துவிடுவான், தடம்தான் மிஞ்சும்.

“கெடைச்சுதா?”

“இல்லம்மா.”

“கெடைக்கலன்னா?”

“இந்தக் கனம் வரைக்கும் இல்லன்னு எழுதுவோம். அதுவும் ஒரு பதில்தான். அப்புறம் அதுக்கு மேல தேடுவோம்.”

“விட்டுட்டுப் போக மாட்டாங்களா?”

“மாட்டாங்கம்மா.”

அங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“பொறந்துச்சான்னே தெரியாதத அப்புடித் தேடுறாங்க. ஒங்கப்பா பொறந்தவருடி. பேரு இருந்துச்சு.”



விடிந்ததும் அங்கம்மா பூசாரியிடம் போய், இல்லைங்கறதும் ஒரு பதில்தானாம் என்று சொல்லி, தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடச் சொன்னாள். ஜெயகுமார் முன்னால் நின்று பந்தல் போட்டான். சரிவில் சிரித்த பெண்களே வந்து மாரடித்து அழுதார்கள். அழுது முடித்து, அங்கம்மாவின் கையைக் கல்லின் மேல் வைத்து வளையல்களை உடைத்தார்கள். கண்ணாடிச் சில்லு ஏறி ரத்தம் வந்தது.

“கொஞ்சம் மெதுவாங்க அத்த,” என்றாள் விதுஷா.

“இத்தன வருசம் போட்டுக்கிட்டுத் திரிஞ்சவளுக்கு மெதுவா என்னா?” என்றாள், லொறி வர அகலமாக வெட்டச் சொன்னவள். அடுத்த கையை இழுத்துக் கல்லில் வைத்தாள்.