செத்த செடியைக் காட்டிவிட்டு உள்ளே வாருங்கள்

எங்கள் மாடித்தோட்ட வாட்ஸாப் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் ஒரு செத்த செடியின் படத்தைப் போட வேண்டும். பூத்தது, காய்த்தது எல்லாம் அப்புறம். செடியின் பெயர், அது எப்படிச் செத்தது, இரண்டே வரி. அதற்குப் பிறகுதான் மண் கலவை, வேப்பெண்ணெய்க் கரைசல் பற்றியெல்லாம் பேச்சு. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும். ரோஜாப்பூவுக்கு மேல் 'காலை வணக்கம்' எழுதி அனுப்பி அனுப்பியே பட்டுப்போன குழுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த வழக்கத்தைத் தொடங்கியது என் அக்கா. அவள் குழுவில் உறுப்பினர்கூட இல்லை. அவளிடம் இருந்தது பழைய பொத்தான் போன். பாளையங்கோட்டையில் ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் ஓய்வுபெற்ற டீச்சர், நான் அரசு அலுவலகத்தில் கிளார்க். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு வந்ததும் மாடிக்குப் போவோம். நான் பூச்சி பார்ப்பேன், கிளை கழிப்பேன். அவள் ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றி முடித்துச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு எவன் என்ன கேட்டிருக்கான், வாசிட்டி" என்பாள்.

நான் வாசிப்பேன். திருச்செந்தூர்ப் பக்கம் ஒருவர் சிவப்பாக அழகாக இருக்கிறதென்று தேரி மணலை அள்ளிவந்து தொட்டி முழுக்க நிரப்பிவிட்டு, கத்தரி ஏன் நிற்கவில்லை என்று கேட்டிருப்பார். குலசேகரன்பட்டினத்தில் ஒரு அம்மா உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, இலை ஓரம் ஏன் கருகுகிறது என்று கேட்டிருப்பாள். சீனி போட்ட டீயின் சக்கையைக் கழுவாமல் கொட்டி எறும்புக்கு விருந்து வைத்தவர்கள் கணக்கில்லை. அக்கா சிரித்துச் சிரித்து இருமுவாள். பத்தாம் வகுப்புக்குக் காலமெல்லாம் பேப்பர் திருத்தியவள், தப்பைக் கண்டால் அவளுக்கு ஒரு உற்சாகம்.

சேர்ந்துவிட்டு வாயே திறக்காதவர்கள்தான் குழுவை நடத்துகிற எனக்குத் தொந்தரவு. வரவேற்று எழுதினால், 'எனக்குக் கைராசி இல்லை மேடம், சும்மா பார்க்கிறேன்' என்பார்கள். ஒருநாள் அப்படி ஒருவர் எழுதியதை வாசித்ததும் அக்கா சிரிக்கவில்லை.

"ஏட்டி, அவன் எதையோ சாவடிச்சிட்டு வெக்கப்பட்டு நிக்கான். மொதல்ல எதக் கொன்னன்னு கேளு. அதச் சொல்லிட்டாம்னா மத்ததெல்லாம் சொல்லிருவான்."

கேட்டேன். அவர் உடனே கருகிப்போன கறிவேப்பிலைக் கன்றின் படத்தை அனுப்பினார். கூடவே இரண்டு பேர் தங்கள் தக்காளியை அனுப்பினார்கள். அன்றைக்கே பதில் வாசகத்தையும் அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

'வாங்க. வெக்கப்படாதீங்க. இங்க எல்லாரும் கொன்னவங்கதான். ஒங்க கையில ஒரு குத்தமும் இல்ல. நாளைக்கு ஒரு பிடி கீரை வெதைங்க, மத்தத பைய பாத்துக்கிடலாம்.'

கொஞ்சம் நல்ல தமிழில் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "நீ ஆபீஸ் மெமோ மாதிரி எழுதுனா எவன் வருவான்?" என்றாள். அப்படியே விட்டேன். படம் போடுகிறவர்களுக்கெல்லாம் அதையே வெட்டி ஒட்டி அனுப்புவது வழக்கமானது. படங்களை ஒரு ஆல்பத்தில் சேர்த்து, அதன் லிங்க்கைக் குழு விவரத்தில் போட்டுவைத்தேன்.

போன வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தின மாதம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் குடைகளுக்கு நடுவில் நின்றேன். சபையார் பாடினார்கள், நானும் பாடினேன், ராகம் தப்பவில்லை. "அழுதுருட்டி, உள்ள வச்சிக்கிடாத" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வைத்துக்கொள்வதற்கு உள்ளே எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. வெறும் களைப்பு, அவ்வளவுதான். மறுநாள் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் குழுவில் சேர்ந்தார். பட்டுப்போன செவ்வந்தி. என் கட்டைவிரல் வாசகத்தை அனுப்பியது.

அதற்குப் பிறகு நான் மாடிக்குப் போகவில்லை. போகக் கூடாதென்று முடிவெடுத்தெல்லாம் இல்லை. மழை இருந்தவரை செடிக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. மழை நின்றதும் நாளைக்கு, நாளைக்கு என்று போனது. அப்புறம் வெயில் ஏறியது. மேலே என்ன ஆகியிருக்கும் என்று தெரியாதவளா நான்? குழுவில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. மாவுப்பூச்சிக்கு இது, வேரழுகலுக்கு அது என்று ஆபீஸ் சாப்பாட்டு இடைவேளையில் பதில் போடுவேன். எல்லாரும் "நன்றி அக்கா", "சொன்னபடி செய்தேன் அக்கா" என்பார்கள். எனக்கே ஒரு அக்கா இருந்தாள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. செத்துப்போனாள் என்பதும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்தச் சித்திரையில் ஒரு சனிக்கிழமை மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். சின்ன வயசுக் குரல். மற்றவர்கள் எழுத, இவள் வாய்ஸ் அனுப்பினாள்.

"லாத்தா, நான் இதுவரைக்கும் ஒரு செடியும் வளத்ததில்ல. அவுக சவுதில இருக்காக, பொழுது போவல, அதான் சேந்தேன். கொன்ன படத்துக்கு நான் எங்கன போவேன்?"

லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. 'அக்கா' என்று இல்லாமல் அந்த வார்த்தையில் கூப்பிட்டது எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்தது. படம் பரவாயில்லை, படம் போடுகிறவர்களுக்கு இங்கே அனுப்புவது இதுதான் என்று எழுதி, வாசகத்தையும் அனுப்பினேன். அவள் விடவில்லை. அடுத்த வாய்ஸ் வந்தது.

"மாதிரிக்கு ஒங்க படத்தப் பாக்கலாம்னு அந்த ஆல்பத்துல போய்த் தேடுனேன். எல்லாரு படமும் கெடக்கு, ஒங்களத மட்டும் காணோம். நீங்க எதக் கொன்னிய லாத்தா?"

குழுவே விழித்துக்கொண்டது. 'அக்கா மாட்டிக்கிட்டாங்க' என்று ஒருவர். 'சட்டம் எல்லாருக்கும் பொது' என்று தேரி மணல்காரர். கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசை கட்டின. உண்மைதான், நான் போட்டதே இல்லை. வழக்கம் தொடங்கியபோது கேட்கிற இடத்தில் இருந்தேன், அப்படியே இருந்துவிட்டேன்.

போனில் பழைய படம் ஏதாவது இருக்கும் என்று தேடினேன். முந்தின கோடையில் செத்த வெண்டை இருந்தது. ஓரத்தில் ஹோஸைப் பிடித்த அக்காவின் கை. இன்னொன்றில் நாற்காலிக்குக் கீழே அவள் செருப்பு. அவற்றைப் போட முடியவில்லை. ஓரத்தை வெட்டிவிட்டுப் போடவும் முடியவில்லை. மேலே போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன்.

மாடிக் கதவு தூசியில் இறுகியிருந்தது. தோளால் தள்ளினேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. செடிப்பைகள் வெயிலில் நைந்து மண் சிந்திக் கிடந்தன. ஹோஸ் அவள் போட்ட இடத்திலேயே, அதன் வாய் கத்தரிப் பையின் மேல் கிடந்தது. சிவப்பு நாற்காலி வெளிறிப்போயிருந்தது. கைப்பிடிச் சுவரில் அவள் கட்டிய கயிற்றில் பிச்சிக்கொடி அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது, தொட்டேன், பொடியானது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெயிலில் கண் கூசியது. படம் எடுத்தேன். பெயர், செத்த விதம்.

'பிச்சி. தண்ணீர் ஊற்றுகிற என் அக்கா இறந்துவிட்டாள்.'

அனுப்பினேன். மஞ்சள் முகங்கள் நின்றுபோயின. யாரோ எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆழ்ந்த இரங்கல், கைகூப்பு. அதற்கும் நன்றி சொல்லத் தயாராக நின்றேன்.

மேலப்பாளையத்துப் பெண்தான் முந்தினாள். புதியவள், அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். செத்த செடியின் படம் போட்டால் என்ன அனுப்ப வேண்டுமோ, காலையில் நான் அவளுக்கு அனுப்பியதை எடுத்து அப்படியே எனக்கு அனுப்பியிருந்தாள்.

'வாங்க. வெக்கப்படாதீங்க. இங்க எல்லாரும் கொன்னவங்கதான். ஒங்க கையில ஒரு குத்தமும் இல்ல...'

எத்தனையோ பேருக்கு நான் அனுப்பியது. எனக்கு யாரும் அனுப்பியதில்லை. அக்கா எனக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லுகிற மாதிரியே இருந்தது. முன்னால் ஒரு 'ஏட்டி' மட்டும்தான் இல்லை.

நாற்காலி சுட்டது. உட்கார்ந்தேன். கல்லறைத் தோட்டத்தில் வராத அழுகை, மண்டையைப் பிளக்கிற அந்த வெயிலில், பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது. கீரை விதை கீழே அலமாரியில் இருக்கிறது, நாளைக்கு ஒரு பிடி எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்திருக்க மட்டும் முடியவில்லை.