கண் வார்டில் இரண்டு கொலைகள்

போன மாதம் சித்தூரில் ஒரு டாக்டர் என் மாமனாருக்குக் கொலையைச் சிபாரிசு செய்தார்.

பதறாதீர்கள். கதையில் வருகிற கொலைதான்.

மாமாவுக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன். கட்டு மட்டும் இரண்டு கண்ணிலும். தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை. கட்டுப் பிரிக்கும் வரை தலையை அசைக்கக் கூடாது, தும்மக் கூடாது, கோபம் கூடவே கூடாது. அசைந்தால் தையல் விட்டுவிடும். பார்வையும் கூடவே போய்விடும்.

"எங்க நைனாவுக்குக் கண்ணு போச்சுன்னா, அப்புறம் இருக்குது உங்களுக்கு" என்று சொல்லி என்னைக் காவலுக்கு உட்கார்த்திவிட்டுப் போனாள் மனைவி.

மாமா நகரிப் பக்கத்து விவசாயி. இப்போது ஆந்திராவிலிருக்கும் நகரி சென்னை ராஜ்யத்தோடுதான் சேர வேண்டும் என்பவர். பக்கத்துக் கட்டிலில், அதே கட்டு, அதே மணல் மூட்டையோடு திருச்சானூர்க் கடைக்காரர் நாயுடு. ஆந்திராவிலிருந்து ஒரு பிடி மண்கூட நகரக் கூடாது என்பவர். நான் என்ன செய்தேன்? பொழுது போகட்டும் என்று பேப்பரை உரக்கப் படித்தேன். எல்லைச் செய்தி வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருவரும் சண்டை போட்டார்கள். மணல் மூட்டை உருண்டது.

டாக்டர் ஓடி வந்து பேப்பரைப் பிடுங்கினார். "எல்லைப் பேச்சே இங்க கூடாது. கொலைக் கதை ஏதாவது படிங்க... அமைதியா இருப்பாங்க."

இந்தக் காலத்துக் கதை ஒன்றை எடுத்துப் போனேன். இந்த மாதிரிக் கதைகளில் கொலைகாரன் யாரென்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். திடுக்கிட ஒன்றுமில்லை — கண்ணுக்கு நல்லது என்பது என் கணக்கு.

கொடுமைக்கார முதலாளியை ஒரு குமாஸ்தா தீர்த்துக் கட்டுகிறான். அதற்கு முன் தன் பல்வலி, சின்ன வயசு, பெண்டாட்டியின் இருமல் எல்லாவற்றையும் சாவகாசமாகச் சொல்கிறான். போலீஸ் கதவைத் தட்டுகிறது...

"டேய், கத்தியக் கெணத்துல போட்டுட்டுப் பின்பக்கமா ஓடுடா!" என்று மாமா எழப் பார்த்தார். நான் தோளை அமுக்கினேன். பக்கத்துக் கட்டிலில் விசும்பல். "அய்யோ பாபம்! அவன உட்டுருங்கய்யா" என்று நாயுடு கண் கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் என்னைப் பார்த்த பார்வைக்குக் கத்தி தேவைப்படவில்லை.

மறுநாள் பழைய பாணிக் கதை. ஜமீன்தார் பாலைக் குடிக்கிறார், சாகிறார். ஒருவரும் அழுவதில்லை. துப்பறிபவர் வந்து, பிணத்துக்குப் பக்கத்தில் நின்று காபி கேட்கிறார். வீட்டிலிருக்கும் அத்தனை பேர் மேலும் சந்தேகம். கேட்பவர்களுக்கு மூளைக்கு வேலை, நெஞ்சுக்கு ஓய்வு. பழைய கதையில் செத்தவனைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. புதிய கதையில் கொன்றவனைப் பற்றியே எல்லாருக்கும் கவலை. இதைக் கண்டுபிடித்த பெருமையில் நான் மூன்று அத்தியாயம் மளமளவென்று படித்தேன்.

"சமையக்காரன்தான் மாப்ளே. அந்த ராஜமுந்திரி ஆளு" என்றார் மாமா.

"காதண்டி! மேனேஜர்தான். கும்பகோணத்தான்னு சொல்லும்போதே தெர்ல?" என்றார் நாயுடு.

மறுபடியும் எல்லை!

"ராஜமுந்திரியான் வெசம் வெக்க மாட்டானா?"

"கும்பகோணத்தான் மட்டும் இன்னா, பூஜ பண்ணிக்கினு இருந்தானா?"

மணல் மூட்டை லேசாக அசைந்தது. அவசரமாகக் கடைசி அத்தியாயத்துக்குத் தாவினேன். கொலைகாரன் யார் தெரியுமா? அந்த வீட்டு டாக்டர். இருக்கட்டும் என்று நிமிர்ந்தால், எங்கள் டாக்டர் கதை கேட்டபடி பின்னால் நிற்கிறார்! நாளைக்கு இவர் கையால் கட்டுப் பிரித்துக்கொள்ள வேண்டியவர்கள் இரண்டு பேர். எப்படிப் படிப்பேன்?

துணிந்தேன். "விஷத்தை வாங்கி வந்தவன் மேனேஜர்... பாலில் கலந்தவன் சமையல்காரன்!" என்று புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

ஆளுக்குப் பாதி. இருவருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எல்லைப் பிரச்சினையைத் தீர்க்க என்னை ஏன் இன்னும் யாரும் கூப்பிடவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.

கட்டுப் பிரித்தார்கள். இருவருக்கும் பார்வை வந்தது. மனைவி என்னை மன்னித்தாள். எல்லாம் சுபம் என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் மாமாவுக்குப் புதுக் கண்ணாடி வந்தது. சோடாப் புட்டி அடி மாதிரி கனமான கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு முதல் காரியமாக அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். நேராகக் கடைசி அத்தியாயம். விரல் வைத்து, எழுத்து எழுத்தாக... பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மாப்ளே..."

"சொல்லுங்க மாமா."

"கண்ணு மங்குனதுலேந்து எனக்குப் பேப்பரு படிச்சுக் காட்டிக்கினு இருக்கறியே... நகரி நமக்குத்தான் வரும்னு தெனமும் படிச்சியே... அது அச்சுல இருந்துச்சா?"

மாமாவுக்கு இன்னொரு கண்ணிலும் புரை இருக்கிறது. அவசரமே இல்லை என்று டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.