இரண்டு அங்குல ஒயர்

செம்மண்டலத்துப் பட்டறையில் புதுத் தகட்டை வாங்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். உள்ளங்கை அளவுத் தகடு. நெடுக ஊசித் துளைகள். கேஸ் டர்பைன் பிளேடு சூட்டில் உருகாமலிருக்க, இப்படிப்பட்ட துளைகள் வழியாகக் குளிர்ந்த காற்று வந்து மேலே படர வேண்டும். எந்தத் துளை எவ்வளவு தூரம் குளிர வைக்கிறது என்று அளப்பது சிதம்பரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. ப்ளோயர் காற்றைத் தள்ளும், ஹீட்டர் சூடாக்கும், கண்ணாடி ஜன்னலில் முகத்தை வைத்துத் தகட்டைப் பார்ப்போம்.

புதுச்சத்திரம் தாண்டும்போது போன் வந்தது. அந்தச் சோதனைக் கருவியை, எங்கள் பேச்சில் ரிக்கை, ஓட்டும் டெக்னீஷியன், என் வயதுக்காரன்.

“கரண்ட் பூட்ச்சி மச்சான். வந்ததும் பழைய தகட்டை ஒருவாட்டி பாத்துடறேன். நீ பட்டறையில டீ குடிச்சிகினே இரு.”

“பஸ்ல வரேன்டா,” என்று சிரித்துவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் அந்த ஒயர் நினைவுக்கு வந்தது.

காற்று நின்றால் ஹீட்டரைத் தானாக அணைக்க ஒரு சுவிட்ச் உண்டு. வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் அது தேவையில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. முந்தின நாள் ஒரே ஒரு ரீடிங்குக்காக அதன் இரண்டு முனைகளையும் இரண்டு அங்குலத் துண்டு ஒயரால் இணைத்து, அது வேலை செய்யாதபடி ஆக்கினேன். எடுக்க மறந்தேன். அவனிடம் சொல்லவும் இல்லை.

கரண்ட் வந்தால் ப்ளோயர் தானாக ஓடாது, பட்டனை அமுக்க வேண்டும். ஹீட்டர் தானாக எரியும். காற்றில்லாமல் பழுத்த கம்பிகள் மீது அவன் ப்ளோயரைத் தட்டினால், அந்தச் சூடு மொத்தமும் ஜன்னலுக்கு வரும், கண்ணாடி வெடிக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவன் முகம்.

மூன்று முறை கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ப்ளோயர் இரைச்சலில் போன் கேட்காது என்பது எனக்குத் தெரியும். அப்படியென்றால் பட்டனை அமுக்கிவிட்டான். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஒரு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்தது. மடியிலிருந்த தகட்டின் விளிம்பு உள்ளங்கையில் பதிந்திருந்ததை இறங்கும்போதுதான் பார்த்தேன்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலேயே ப்ளோயர் சத்தம் கேட்டது. உள்ளே அவன் ஜன்னலில் குனிந்திருந்தான். கண்ணாடி முழுசாக இருந்தது.

“இன்னா மச்சான், பேயைப் பாத்தாப்ல நிக்கிற?”

“ஹீட்டர்...”

“கரண்ட் போனதும் எல்லா சுவிட்சையும் ஆஃப்ல தள்ளிட்டேன். ப்ளோயர் ஓடுன அப்பறம்தான் ஹீட்டரப் போட்டேன். காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்லுல மூணு வருஷம் இருந்தவன்டா நான். அங்க தள்ளாதவன் மோட்டார எரிச்சுட்டு வூட்டுக்குப் போவான்.”

ஹீட்டரை அணைத்து, மெயினை இறக்கி, பேனலைத் திறந்து ஒயரைக் காட்டினேன். எதற்கு, எப்போது என்று சொன்னேன். அவன் சிரிப்பு நின்றது. ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டினான்.

“நீயே கழட்டு.”

ஸ்க்ரூடிரைவர் முனை திருகில் உட்காரவில்லை. மூன்றாம் தடவையும் வழுக்கியது. அவன் பக்கத்திலேயே டார்ச் பிடித்து நின்றான்.